சாலை விபத்தில் கொடுங்காயம்: ஊனச் சான்றிதழில் இல்லாத கணக்கு



தி.நகர் உஸ்மான் சாலை ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்கள், அடையாறு எல்.பி. சாலையில் உணவுப் பொட்டலம் கொண்டு ஓடும் இளைஞர்கள், மயிலாப்பூர் லஸ் முனையில் ஆட்டோ ஓட்டுபவர்கள் என்று நம் குடும்பங்களில் பலருடைய பிழைப்பு சாலையோடும் கால்களோடும் பிணைந்தது. விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் இழப்பீடு கேட்க வேண்டும் என்பது இப்போது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உயிர் பிழைத்து, கால் ஒன்றை இழந்தோ தலையில் அடிபட்டோ வீடு திரும்பியவர் விஷயத்தில்தான் குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. "உயிர் தப்பியதே அல்லாஹ்வின் கிருபை, ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டார்கள், போதும்" என்று கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அந்த வீட்டில் அரிசி எங்கிருந்து வரும் என்ற கேள்வி ஆறு மாதம் கழித்துத்தான் எழுகிறது.

எனவே இந்தக் கட்டுரையில் மரணத்தை விட்டுவிட்டு, கொடுங்காயத்துக்கான இழப்பீட்டை மட்டும் பார்ப்போம்.

இது பிச்சையும் அல்ல, பேராசையும் அல்ல

இழப்பீடு கேட்பது கத்ரை மறுப்பதாகாதா என்று ஜுமுஆவுக்குப் பின் நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. ஆகாது. தவறுதலாக நேர்ந்த உயிரிழப்புக்கே தியத் கொடுக்க வேண்டும் என்று சூரத்துந் நிஸாவின் 92ஆம் வசனம் விதிக்கிறது. காயங்களுக்கும் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே இருக்கிறது. யமன் நாட்டுக்கு அம்ர் பின் ஹஸ்ம் (ரலி) அவர்கள் வழியாக நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய கடிதத்தின் அடிப்படையில், முழு தியத் 100 ஒட்டகம், ஒரு கைக்கு 50, ஒரு காலுக்கு 50, ஒரு கண்ணுக்கு 50, ஒரு விரலுக்கு 10, ஒரு பல்லுக்கு 5 என்று இமாம்கள் வகுத்தார்கள். அளவு குறிப்பிடப்படாத காயங்களுக்கு நேர்மையானவர்களின் மதிப்பீட்டின்படி கொடுக்க வேண்டும். அதற்கு 'ஹுகூமா' என்று பெயர். கட்டைவிரலும் சுண்டுவிரலும் சமம் என்பது ஹதீஸில் வந்த செய்தி. உமர் (ரலி) அவர்கள் முதலில் விரலுக்கு விரல் வேறுபடுத்தித் தீர்ப்பளித்து, அந்தக் கடிதத்தின் செய்தி கிடைத்ததும் எல்லா விரலுக்கும் பத்து என்று மாற்றிக்கொண்டார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது.

நம் நாட்டுச் சட்டம் வேறு வழியில் போகிறது. அது விரலை எண்ணுவதில்லை. அந்த விரல் இல்லாமல் இந்த மனிதர் இனி எவ்வளவு சம்பாதிப்பார் என்று கேட்கிறது. தையற்காரரின் கட்டைவிரலும் கணக்கு வாத்தியாரின் கட்டைவிரலும் அங்கே ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

காப்பீட்டு நிறுவனத்தின் பணம் ஹலாலா என்பது அடுத்த கேள்வி. காயம்பட்டவர் அந்த நிறுவனத்தோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. தீங்கிழைத்தவர் மீது அவருக்கு ஒரு ஹக் இருக்கிறது. வாகனத்தின் சொந்தக்காரர் சட்டப்படி கட்டாயமாக எடுத்த மூன்றாம் நபர் காப்பீட்டின் மூலம் அந்தக் கடன் அடைக்கப்படுகிறது. 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, சாலை விதிகளைப் பேணுவது மார்க்கப்படியும் கடமை என்றும், வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்குக்கு ஓட்டுநர் பொறுப்பாளி என்றும் தீர்மானித்தது. "இடித்தவரும் நம்ம ஆள்தான், ஏழை, அவரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா" என்று தயங்குகிறவர்களுக்கும் இதிலேயே பதில் உண்டு. வாகனத்துக்குக் காப்பீடு இருந்தால் பணம் தருவது அந்த ஏழை ஆட்டோக்காரர் அல்ல, நிறுவனம்தான். தவறுதலாக நேர்ந்த தீங்கின் சுமையை முன்பு 'ஆகிலா' என்ற உறவுக் கூட்டம் பகிர்ந்து, மூன்று ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தியது. இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சுமையைத் தனி ஒருவன் தலையில் போடாமல் பலர் தாங்குவது நமக்குப் புதிதல்ல.

முதல் சில நாட்கள்

தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். எந்த மாநிலத்தவர் என்றும் கேட்கமாட்டார்கள். 2025 மே மாதம் ஒன்றிய அரசும் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது. முன்பணம் கேட்கும் கவுன்ட்டரில் இந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் எழுதப்படுவதை 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். வழக்கின் முதல் கல் அதுதான். எந்த வண்டி, எங்கே, எப்படி இடித்தது என்று உண்மையை அப்படியே சொல்லுங்கள். பதற்றத்தில் யாரோ "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லி, அது அப்படியே எழுதப்பட்டுவிட்டால், இரண்டு ஆண்டு கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார்.

நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு: பெயர். முகமது என்பதை ஆங்கிலத்தில் நாம் நாலைந்து விதமாக எழுதுகிறோம். ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, மருத்துவமனைச் சீட்டில் வீட்டுப் பெயர். கணவர் பெயரும் தந்தை பெயரும் இடம் மாறியிருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே ஆதாரில் உள்ளபடி திருத்தச் சொல்லுங்கள். அப்போது அது ஐந்து நிமிட வேலை.

சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். அதில் பிரிவையும் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணக் காயத்துக்கு 125(அ), கொடுங்காயத்துக்கு 125(ஆ). எலும்பு முறிவு, பல் உடைதல், கண் அல்லது காது இழப்பு, உறுப்பு இழப்பு, முகம் நிரந்தரமாகச் சிதைதல், பதினைந்து நாள் அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் கிடப்பது ஆகியவை கொடுங்காயத்தில் சேரும். முதல் நாளில் சாதாரணக் காயம் என்று பதிவாகியிருந்தால், எக்ஸ்ரே வந்தபின் மருத்துவரின் காயச் சான்றைக் காட்டி மாற்றச் சொல்லலாம்.

எந்தக் கதவைத் தட்டுவது

மோட்டார் வாகனச் சட்டத்தில் கதவுகள் பல. 164ஆம் பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தொகையை முறைப்படி ஏற்றுக்கொண்டால் 166ஆம் பிரிவின் கீழ் தொடுத்த மனு காலாவதியாகிவிடும். சில வாரங்களில் குணமாகிற எலும்பு முறிவுக்கு 2.5 லட்சம் நியாயமாக இருக்கலாம். கால் போனவருக்கு அது பெரிய நஷ்டம்.

இடித்த வண்டி நிற்காமல் போய், கடைசிவரை அடையாளமே தெரியவில்லை என்றால் 161ஆம் பிரிவின் கீழ் 50,000 ரூபாய் கிடைக்கும். அந்தப் பகுதி வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். மழைக்காலப் பள்ளத்தில் தானே சறுக்கி விழுந்தவருக்கு 166 பொருந்தாது. வண்டியின் உரிமையாளரே ஓட்டியிருந்து, அவர் பெயரில் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால் அதைக் கேட்கலாம். ஒரு கை அல்லது ஒரு கால் இழப்புக்கு அதில் பாதித் தொகை உண்டு. பின்னால் அமர்ந்து வரும் மனைவி, பிள்ளைகள் விஷயம் கவலைக்குரியது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள ஸ்கூட்டரில், தவறு அந்த ஸ்கூட்டரை ஓட்டியவருடையது என்றால், பின்னிருக்கைக்காரருக்கு அந்தப் பாலிசி பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க நினைத்து இதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மற்றவர் கவனக்குறைவால் நேர்ந்த கொடுங்காயத்துக்கு 166தான் வழி. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்தரப்பு வசிக்கும் இடம் ஆகியவற்றில் எங்கும் மனுச் செய்யலாம். எனவே விழுப்புரம் அருகே விபத்து நடந்திருந்தாலும் மயிலாப்பூர்க்காரர் சென்னையிலேயே வழக்குத் தொடுக்கலாம். இங்கே அந்தத் தீர்ப்பாயமாகச் செயல்படுவது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம். 2022 ஏப்ரல் 1க்குப் பின் நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதக் கெடு உண்டு. அந்தக் கெடு செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள். சிகிச்சை முடியவில்லை என்பது மனுவைத் தள்ளிப்போடக் காரணமல்ல.

குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இங்கே வழக்கு விழுந்துவிடாது. தீர்ப்பாயத்தில் நடந்திருக்கக்கூடியது எது என்ற அளவுக்குச் சான்று இருந்தால் போதும். ஸ்கூட்டரில் மூன்று பேர் போனார்கள் என்பதற்காக மட்டும், அது விபத்துக்குக் காரணமாக இல்லாதபோது, தொகையைக் குறைக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. மூன்று பேர் போகலாம் என்று அதற்குப் பொருளல்ல.

நாற்பது சதவீதம் என்றால் எவ்வளவு?

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான்.

அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு பரிசோதித்து, இத்தனை சதவீத ஊனம் என்று சான்று தரும். அந்த எண்ணோடு கணக்கு முடிந்தது என்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் நினைக்கின்றன. அந்த எண்ணைப் பணமாக்கத் தமிழ்நாட்டில் இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்றில், ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று பெருக்கிவிடுவார்கள். 2,000, 3,000, பின்னர் 5,000 ரூபாய் என்று அந்த விலை காலப்போக்கில் ஏறியிருக்கிறது. மற்றொன்றில், மாத வருமானத்தையும் வயதையும் வைத்து, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று கணக்கிடுவார்கள்.

ஓர் உதாரணம் போடுவோம். வயது 32, மாத வருமானம் 15,000, ஊனம் 40 சதவீதம். முதல் வழியில் சதவீதத்துக்கு 5,000 என்றாலும் கிடைப்பது 2 லட்சம். இரண்டாம் வழியைப் பாருங்கள். 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னபடி, நிரந்தரப் பணி இல்லாத, 40 வயதுக்குக் குறைந்தவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும். காயம்பட்டவருக்கும் இது பொருந்தும் என்று 2020இல் அந்த நீதிமன்றமே உறுதி செய்தது. ஆக மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. 2009இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் 16. பெருக்கினால் 40,32,000. அதில் 40 சதவீதம் 16,12,800 ரூபாய்.

அதே மனிதர், அதே சான்றிதழ். ஒரு கணக்கில் 2 லட்சம், மற்றதில் 16 லட்சத்துக்கு மேல்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. அந்த நாற்பது, காலுக்கான நாற்பதா, முழு உடலுக்கான நாற்பதா, அவருடைய தொழிலுக்கான நாற்பதா? 2010 இறுதியில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் விளக்கியது. இடக்கையை இழந்தவரின் உடல் ஊனம் சுமார் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் ஏறத்தாழ நூறு சதவீதமும் போய்விட்டது. அரசு அலுவலக எழுத்தராக இருந்து வேலையும் நீடித்தால் அந்த இழப்பு மிகக் குறைவாக இருக்கலாம். எனவே தீர்ப்பாயம் மூன்றைப் பார்க்க வேண்டும்: இனி அவரால் எதைச் செய்ய முடியும், முடியாது, விபத்துக்கு முன் அவர் என்ன தொழில் செய்தார், அதையே தொடர முடியுமா, அல்லது வேறு வேலை ஏதாவது செய்து பிழைக்க முடியுமா.

மேலே போட்ட உதாரணத்தில் உள்ளவர் லாரி ஓட்டுநராக இருந்து, இனி பெடலை மிதிக்கவே முடியாது என்று நிரூபித்தால், நாற்பது என்று எழுதிய அதே சான்றிதழோடு நூறு சதவீத இழப்பைக் கேட்க முடியும். ஆனால் தானாக யாரும் தரமாட்டார்கள். சிகிச்சை அளித்த மருத்துவர் சாட்சி சொல்ல வேண்டும். முதலாளி வந்து, இவர் என்ன வேலை பார்த்தார், இப்போது ஏன் வைத்துக்கொள்ள முடியவில்லை என்று சொல்ல வேண்டும். கடை முதலாளிகளான நம் சகோதரர்கள் இந்த ஒரு நாள் சாட்சிக்குத் தயங்கி ஒதுங்கிக்கொள்வது நமக்கு வருத்தம் தரும் விஷயம். பழைய ஊழியருக்கு ரமளானில் ஜகாத் கொடுப்பதைவிட அந்தச் சாட்சி பல மடங்கு பயன் தரும்.

ஒரே இழப்புக்கு இரண்டு முறை பணம் கேட்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். சம்பாதிக்கும் திறன் இழப்பைப் பெருக்கெண் வைத்துக் கணக்கிட்ட பிறகு, அதே ஊனத்துக்குத் தனியே சதவீதக் கணக்கு கூடாது என்று 2006இல் சோழன் போக்குவரத்துக் கழக வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொன்னது. 2012இல், இதே உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், வருவாய் இழப்பு வேறு, வலியும் வாழ்வின் நிம்மதியும் போனது வேறு, இரண்டுக்கும் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. வழக்கறிஞரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: "நம் மனு எந்த முறையில் போடப்பட்டிருக்கிறது, ஏன்?"

"சம்பளச் சீட்டே இல்லையே" என்று சோர்ந்துவிடாதீர்கள். கர்நாடகத்தில் கால் துண்டிக்கப்பட்ட 24 வயது காய்கறி வியாபாரி ஒருவரிடமும் எந்தச் சீட்டும் இல்லை. தள்ளுவண்டிக்காரரிடம் வருமானச் சான்று கேட்பது நியாயமல்ல என்ற நோக்கில், உச்ச நீதிமன்றம் 2014இல் அவருடைய மாத வருமானத்தை 6,500 ரூபாய் என்று ஏற்று, தொழில்திறன் இழப்பை 85 சதவீதமாக உயர்த்தியது. இருந்தாலும் இருப்பதையெல்லாம் சேர்த்து வையுங்கள்: ஜிபே வரவுகள், வங்கிக் கணக்கு விவரம், டெலிவரி செயலியின் வாராந்தரக் கணக்கு, சங்க அடையாள அட்டை.

வீட்டைக் கவனிக்கும் பெண்களுக்கு வருமானமே இல்லை என்று எழுதிவிடுவது பழைய வழக்கம். இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்பிட்டு இழப்பீடு தர வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. பிள்ளைகளுக்கோ வருங்காலம் முழுவதும் கணக்கில் வரும். 12 வயதில் மூளைக் காயத்தால் முழு ஊனமடைந்த ஒரு சிறுமிக்கு, உடனிருந்து பார்த்துக்கொள்ள இரண்டு உதவியாளர்கள் வேண்டும் என்று கொண்டு, பெருக்கெண் 18 வைத்து, அதற்கு மட்டுமே 21,60,000 ரூபாயை 2020இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. மொத்தம் 62,27,000. உம்மாவோ தங்கையோ கூட இருந்து பார்த்துக்கொண்டால் அது செலவில்லை என்று எண்ண வேண்டாம். அந்தப் பராமரிப்புக்கும் கேட்கலாம்.

செயற்கைக் காலும் அப்படித்தான். கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கை உறுப்பு செய்து தருகிறார்கள். அதற்காக வழக்கில் அதைக் கேட்காமல் விடாதீர்கள். செயற்கைக் கால் சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும், பழுது பார்க்க வேண்டும், மாற்ற வேண்டும். ஆயுளுக்கு எத்தனை முறை என்று மதிப்பிட்டுக் கேட்க இடமுண்டு. ஆட்டோ வாடகை, சத்துணவு, பிசியோதெரபி ரசீதுகள், சிகிச்சைக் காலச் சம்பள இழப்பு, இளம் வயதினருக்குத் திருமண வாய்ப்பு பாதிக்கப்பட்டது என எல்லாவற்றுக்கும் தனித் தலைப்புகள் உள்ளன. ஒரிஜினல் பில்களை ஓர் உறையில் போட்டு, பிரதி எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சாகும் மருந்துச் சீட்டுகள் ஓராண்டில் வெளுத்துப்போகும்.

யார் தருவார், எப்போது தருவார்

ஓட்டுநருக்குச் சரியான உரிமம் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிப்பதுண்டு. அப்படிப்பட்ட பல வழக்குகளில், முதலில் காயம்பட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவிடுகிறார்கள். மாநகரப் போக்குவரத்துக் கழகப் பேருந்து இடித்தால் கழகமே பொறுப்பு. உத்தரவு வந்தும் பணம் வராமல், நீதிமன்ற ஊழியர் அரசுப் பேருந்தை ஜப்தி செய்யும் செய்தியைத் தமிழ்நாட்டில் யார்தான் படித்ததில்லை! நிறைவேற்று மனு என்ற அடுத்த படியையும் மனதில் வையுங்கள்.

மருத்துவமனை வாசலிலேயே வந்து நிற்கும் புரோக்கர்களிடம் எச்சரிக்கை தேவை. வெற்று வக்காலத்திலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்திடாதீர்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்கின்றன. தானே விழுந்ததற்கு யாரோ ஒருவர் வண்டியைச் சேர்த்து வழக்குப் போடலாம் என்று ஆசை காட்டுவோரும் உண்டு. அது பொய்ச் சாட்சி, ஹராமான பணம், சிறைக்கும் வழி. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஜமாஅத்தில் வைத்துச் சமாதானம் பேசுவதை நாம் தடுக்கவில்லை. மன்னிப்பதும் விட்டுக்கொடுப்பதும் சிறந்தவையே. ஆனால் மன்னிக்கும் உரிமை காயம்பட்டவருக்கு மட்டுமே. நிர்வாகிகளுக்கோ மாமாவுக்கோ இல்லை. குழந்தையின் ஹக்கைத் தந்தைகூட இலவசமாக விட்டுக்கொடுக்க முடியாது என்பது ஃபிக்ஹு. இந்தியச் சட்டமும் சிறுவர் பெயரில் நடக்கும் வழக்கில் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி கேட்கிறது. லோக் அதாலத்தில் சமரசம் செய்தால் பணம் விரைவாக வரும். ஆனால் அதன் மீது மேல்முறையீடு கிடையாது. மேலே சொன்ன இரண்டு கணக்குகளையும் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு அங்கே போங்கள்.

கடைசியாக, வட்டி. மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியோடு தர வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடும், 7.5 சதவீதம் இங்கே அடிக்கடி காணும் விகிதம். இது உண்மையில் தாமதத்துக்கான ஈடு, பணத்தின் மதிப்பு குறைந்ததற்குச் சரிக்கட்டல் என்று கொள்ளும் ஆலிம்கள் உண்டு. பெயரும் முறையும் வட்டியாக இருப்பதால் அந்தப் பகுதியை மட்டும் பிரித்து, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்போரும் உண்டு. நாம் இரண்டாவதையே பேணுதலாகக் கருதுகிறோம். பாதிக்கப்பட்டவரே வறுமையில் இருந்தால் உள்ளூர் உலமாவிடம் தம் நிலையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும். எந்தக் கருத்தை எடுத்தாலும், வட்டி கலந்திருக்கிறது என்று அசல் இழப்பீட்டையே வேண்டாம் என்பதற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை. தீர்ப்பு நகலில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தனித்தனியே இருக்கும். சிறுவர்களின் பங்கை அரசுடைமை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட உத்தரவிடுவார்கள். சிகிச்சைக்கோ படிப்புக்கோ தேவைப்பட்டால், உரிய ரசீதுகளோடு அதே தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து அதிலிருந்து எடுக்கலாம்.